ஒருவர் பட்ட பாடு ஊருக்கே பயன்: பேக்கேஜ்சோர்ஸ்

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளம் ஒன்றைக் கணினியில் ஏற்றினால் கெர்னலும் ஷெல்லும் கோப்புகளைக் கையாளும் சிறு கருவிகளும் கையோடு வந்துவிடும். உலாவி, தரவுத்தளம், படம் திருத்தும் மென்பொருள் போன்றவை பெரும்பாலும் வெளியார் எழுதியவை. அவர்களில் பலர் மூல நிரலாகவே தருகிறார்கள். அதைக் கம்பைலரில் கொடுத்து ஓடவைப்பது நம் வேலை.

எழுதியவரின் கணினியில் ஒழுங்காக ஓடிய நிரல் நம் கணினியில் முரண்டு பிடிக்கும். அங்கிருந்த லைப்ரரி இங்கே இருக்காது. இருந்தாலும் வேறு அடைவில் இருக்கும், அல்லது பழைய பதிப்பாக இருக்கும். முன்பெல்லாம் ஒவ்வொரு நிர்வாகியும் இந்தச் சிக்கலைத் தனியாகவே அவிழ்க்க வேண்டியிருந்தது. அவர் கண்ட தீர்வு பெரும்பாலும் அவரோடே நின்றுபோகும்.

அந்தத் தீர்வை எழுதிவைத்தால் என்ன? 1994-இல் ஜோர்டன் ஹப்பர்டு, ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்துக்காக இத்தகைய தீர்வுகளைச் சேர்த்து 'போர்ட்ஸ்' என்ற தொகுப்பைத் தொடங்கினார். 1997-இல் நெட்பிஎஸ்டி குழுவினர் அதை அடித்தளமாகக் கொண்டு பேக்கேஜ்சோர்ஸை உருவாக்கினார்கள். பலவகைச் செயலிகளில் ஓடும் இயங்குதளம் நெட்பிஎஸ்டி. எங்கும் ஓடவேண்டும் என்ற அந்தக் கவனம் இந்தத் தொகுப்பிலும் படிந்தது. இன்று லினக்ஸ், மேக்ஓஎஸ், சோலாரிஸ் வழிவந்தவை உள்ளிட்ட பல இயங்குதளங்களில் இதைப் பயன்படுத்தலாம்.

பிஎன்ஜி படங்களைக் கையாளும் லைப்ரரியை எடுத்துக்கொள்வோம். தொகுப்பின் 'கிராஃபிக்ஸ்' பிரிவில் அதற்கென்று ஓர் அடைவு உண்டு. மூல நிரல் அங்கே இருக்காது; சில சிறிய உரைக் கோப்புகளே இருக்கும். மேக்ஃபைல், எந்தப் பதிப்பை எங்கிருந்து இறக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. இன்னொரு கோப்பில் மூல நிரலின் அளவும் அதன் ஹாஷ் மதிப்பும் இருக்கும். எந்தெந்தக் கோப்புகள் நிறுவப்படும் என்ற பட்டியல் தனியாக உண்டு.

ஒரே கட்டளையில் வேலை தொடங்குகிறது. மூல நிரல் இறங்குகிறது. ஹாஷ் மதிப்பு சரிபார்க்கப்படுகிறது. ஓர் எழுத்து மாறியிருந்தாலும் வேலை அங்கேயே நின்றுவிடும். பிஎன்ஜி லைப்ரரிக்கு இசட்லிப் தேவை. இயங்குதளத்திலேயே போதிய பதிப்பு இருந்தால் அதுவே பயன்படும், இல்லாவிட்டால் முதலில் அது கட்டப்படும். பிறகு தொகுப்பில் உள்ள திருத்தங்கள் மூல நிரலில் இடப்பட்டு, நிரல் கம்பைல் ஆகி, ஒரு தற்காலிக அடைவில் நிறுவப்படுகிறது. அங்கே பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்பே பேக்கேஜ் உருவாகிறது.

இதில் மிக நுட்பமான பகுதி 'பில்ட்லிங்க்'. பல மென்பொருள்கள் கட்டப்படும்போது கணினியைத் துழாவி, தற்செயலாகக் கண்ணில் பட்ட லைப்ரரியையும் சேர்த்துக்கொள்ளும். கட்டிய கணினியில் எல்லாம் சரியாக ஓடும். அதே பேக்கேஜை வேறு கணினிக்குக் கொண்டுபோனால், அந்த லைப்ரரி இல்லாமல் படுத்துவிடும். பில்ட்லிங்க், தேவை என்று அறிவிக்கப்பட்ட பேக்கேஜ்களின் கோப்புகளுக்கு மட்டும் ஒரு தனி அடைவில் இணைப்புகளை இடுகிறது. கம்பைலருக்கு முன்னால் ஒரு காவல் நிரல் நின்று, நிறுவியிருக்கும் மற்ற பேக்கேஜ்களின் பக்கம் போகும் வழிகளை நீக்கிவிடுகிறது. மறைந்திருந்த சார்பு கட்டும்போதே வெளிப்பட்டுவிடும்.

நிறுவிய பிறகும் பராமரிப்பு உண்டு. நீக்கும்போது பட்டியலில் உள்ள கோப்புகளே அகலும். ஒன்றை வேறு பேக்கேஜ் நம்பியிருந்தால், நீக்கும் கட்டளை மறுத்துவிடும். தெரிந்த பாதுகாப்புக் குறைகளின் பட்டியலோடு நிறுவியவற்றை ஒப்பிடவும் ஒரு கட்டளை இருக்கிறது. 3 மாதங்களுக்கு ஒருமுறை நிலையான கிளை வெளியாகிறது. தானே கட்ட நேரமில்லாதவர் முன்பே கட்டிய பேக்கேஜ்களைப் 'பேக்கேஜ்இன்' கருவியால் இறக்கிக்கொள்ளலாம். நிர்வாகி உரிமை இல்லாத மாணவர்கூடத் தன் சொந்த அடைவுக்குள் எல்லாவற்றையும் கட்டி நிறுவ முடியும்.

இதைக் கற்க விரும்புபவர் திருத்தக் கோப்புகளிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு திருத்தமும் ஏன் தேவைப்பட்டது என்ற குறிப்பைத் தாங்கியிருக்க வேண்டும் என்பது பேக்கேஜ்சோர்ஸின் விதி. அந்தத் திருத்தத்தை மூல ஆசிரியருக்கு அனுப்பவும் தொகுப்பாளர்கள் ஊக்குவிக்கப்படுகிறார்கள். அவர் ஏற்றுக்கொண்டால் அடுத்த பதிப்பிலேயே குறை தீரும். பேக்கேஜ்சோர்ஸைக் கேள்விப்படாதவருக்கும் அதன் பலன் போய்ச் சேரும்.