பல்பு எரிந்தால் போதுமா?

ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் எல்லோருக்கும் லேப்டாப். 2013 தேர்தலில் உஹுரு கென்யாட்டா அணி தந்த இந்த வாக்குறுதி கென்யாவில் பெரிய பேச்சானது. இந்திய நிறுவனம் ஒன்றுக்குப் போன டெண்டர் 2014-இல் ரத்தாகி, லேப்டாப் டேப்லெட்டாகச் சுருங்கி, 2016-இல்தான் பள்ளிகளுக்குப் போகத் தொடங்கியது. மோய் பல்கலைக்கழகமும் ஜோமோ கென்யாட்டா வேளாண், தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் வெளிநாட்டுக் கூட்டாளிகளோடு சேர்ந்து சப்ளை செய்தன. மின்கம்பி எட்டாத பள்ளிகளுக்கு சோலார் தகடுகள்.

தகடு நிரப்பும் பேட்டரியில் இருப்பது 12 அல்லது 24 வோல்ட் டி.சி. பிளக்கில் வேண்டியதோ 240 வோல்ட் ஏ.சி. நடுவில் இருக்கும் இன்வெர்ட்டரின் டிசைனை சிமுலிங்க், எல்டிஸ்பைஸ் போன்ற மென்பொருள்களில் ஓட்டிப் பார்ப்பது பொறியியல் மாணவர்களுக்குப் பிடித்த புராஜெக்ட். நான்கு மாஸ்ஃபெட் சுவிட்சுகள், ஒரு ஃபில்டர், லோடாக ஒரு ரெசிஸ்டர். திரையில் சைன் அலை வழவழவென்று வரும், மதிப்பெண்ணும் வந்துவிடும்.

ரெசிஸ்டர் என்பது பழைய குண்டு பல்பு மாதிரி சாதுவான லோடு. வகுப்பறையில் நடப்பது வேறு. 40 டேப்லெட், தலா 10 வாட், மொத்தம் 400. 600 வாட் இன்வெர்ட்டருக்கு இது ஜுஜுபி என்றுதான் கணக்கு சொல்லும். ஆனால் சார்ஜருக்குள் இருப்பவை டயோடு பாலமும் கெப்பாசிட்டரும். அலையின் உச்சியில் மட்டும் அவை கரண்ட்டைச் சுருக்கென்று இழுக்கும். சுவிட்சைப் போட்ட கணத்தில் காலியாக இருக்கும் 40 கெப்பாசிட்டர்களும் ஏறக்குறைய ஷார்ட் சர்க்யூட்தான். இன்வெர்ட்டர் 'டிரிப்' ஆகி நின்றுவிடும். இன்வெர்ட்டர் பெட்டி போய்விட்டது என்று டேப்லெட்டுகளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். கென்யாவின் வடமேற்கே துர்க்கானாவில் இருக்கும் லோட்வாரிலிருந்து தலைநகர் நைரோபி சுமார் 700 கிலோமீட்டர். மெக்கானிக் எப்போது வருவார்?

என்னைக் கேட்டால், டேப்லெட்டுக்கு ஏ.சி.யே வீண். 12 வோல்ட்டை 240-க்கு ஏற்றி, சார்ஜரில் மறுபடி 5-க்கு இறக்குவதில் இரண்டு தடவை நஷ்டம். பேட்டரியிலிருந்தே யூ.எஸ்.பி. இணைப்புகள் கொடுத்துவிட்டு, இன்வெர்ட்டரை புரொஜெக்டருக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இல்லை, ஏ.சி.தான் வேண்டும் என்றால் மாணவர்கள் சிமுலேஷனில் ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு, கெப்பாசிட்டரோடு 40 டயோடு பாலங்களைப் போடட்டும். பெட்டிக்குள் வெப்பம் 45 டிகிரி என்றும் வைக்கட்டும். லோட்வார் வெயிலுக்கு அது மிகையில்லை. டேப்லெட்டுகளைப் பத்துப் பத்தாகச் சார்ஜ் ஏற்றினால் இன்வெர்ட்டர் தாங்குகிறதா என்றும் பார்த்துவிடலாம். தாங்கினால், டீச்சருக்கான சார்ஜ் அட்டவணையை அந்தப் பெட்டியின் மீதே ஒட்டி அனுப்பலாம்.