கிட்டங்கியும் குளிர்காற்றும்

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் அடியெடுத்து வைத்த உடனேயே சுக்கின் மணமும் மிளகின் காரமும் நம்மை எதிர்கொள்ளும். பிழைப்பை நாடி இவண் வந்த நம்மவருள் மசாலைத் தொழிலில் இறங்க விழைவோர்க்குப் பயன்படும் செய்தி ஒன்றை இங்குக் கூற விரும்புகிறோம்.

சென்ற ஆடியில் அன்பர் ஒருவரின் பொதியறைக்குச் சென்றிருந்தோம். “பெரிய இயந்திரமாக இருந்தால் நல்லதுதானே!” என்ற விற்பனையாளர் சொல்லை நம்பி, தேவைக்கு இருமடங்கான குளிர்சாதனத்தை அவர் கடன்பட்டு வாங்கியிருந்தார். அறை சில்லென்றிருந்தது; ஆனால் சாக்குகள் பிசுபிசுத்தன; மிளகிலே பூஞ்சணம் படர்ந்திருந்தது. முதலும் போயிற்று, சரக்கும் போயிற்று.

காரணம் யாது? அளவுக்கு மிஞ்சிய இயந்திரம் சில நிமிடங்களில் அறையைக் குளிர்வித்துவிட்டு நின்றுவிடுகிறது. காற்றின் ஈரம் குளிர்ந்த குழாய்களில் நீராய் உறைந்து வடிவதற்குப் போதிய நேரம் கிடைப்பதில்லை. கொச்சியின் மழைக்காலத்தில் நம் பகைவன் வெப்பமன்று, ஈரமே. மிளகில் நூற்றுக்கு 12 பங்குக்கு மேல் ஈரம் தங்கலாகாது. 1902-இல் அமெரிக்காவின் புரூக்ளின் நகரில் வில்லிஸ் கேரியர் வகுத்த குளிர்சாதன அமைப்பும் மனிதர் சுகத்துக்காக எழுந்ததன்று. அச்சகக் காகிதம் ஈரத்தால் நீண்டு சுருங்குவதைத் தடுக்கவே எழுந்தது.

ஆகவே கணக்கிட்டபின் வாங்குவதே அறிவுடைமை. ஒரு டன் என்பது 2,000 இராத்தல் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது ஈர்க்கும் வெப்பம். ஏறக்குறைய 3,500 வாட். உழைக்கும் ஆள் ஒருவர் சுமார் 200 வாட் வெப்பம் விடுகிறார் எனக் கொண்டால், அறுவருக்கு 1,200. இரண்டு குதிரைத்திறன் அரைவை மோட்டாருக்குச் சுமார் 1,500. இவ்விரண்டுமே முக்கால் டன்னைத் தாண்டிவிட்டன. கூரையில் காயும் வெயில், விளக்குகள், வெளியிலிருந்து புகும் ஈரக்காற்று ஆகியவற்றையும் கூட்டியே முடிவு செய்யவேண்டும். தரையின் பரப்பை மட்டும் பார்த்துச் சொல்வோரை நம்பற்க.

மற்றொன்றும் உண்டு. மிளகாய்த் தூளும் மிளகுத் தூளும் பறக்கும் அறையைச் சாத்திக் குளிர்வித்தால், அத்தூளையே நம் பெண்டிரும் பிள்ளைகளும் மீண்டும் மீண்டும் சுவாசிப்பர். தூள் எழும் இடத்திலேயே கூண்டு வைத்து, விசிறியால் அதை வெளியே இழுத்தல் முதற்கடமை. இழுக்கும் காற்றுக்கு ஈடாக உள்ளே வரும் காற்றின் ஈரத்தையும் கணக்கில் சேர்த்தல் இரண்டாம் கடமை.

காயலை ஒட்டி நிற்கும் பழைய கிட்டங்கிகளைப் பாருங்கள். உயர்ந்த ஓட்டுக்கூரை, நடுவே சரக்கு உலர்த்தும் முற்றம், வெப்பக்காற்று மேலேறி வெளியேற வழி! இயந்திரம் வரும் முன்னரே காற்றின் போக்கை அறிந்து கட்டினர் முன்னோர். இயந்திரம் வாங்கும் நாமும் அவ்வறிவைக் கைவிடலாகாது. பணத்தை எண்ணுமுன் வெப்பத்தை எண்ணுவோமாக.