உயர்த்தப்பட்ட டிரக்கில் ஸ்டீயரிங் இடைத்தண்டைச் சீரமைத்தல்

ஸ்டீயரிங் இடைத்தண்டு என்பது ஓட்டுநருக்கு முன்னுள்ள ஸ்டீயரிங் தூணின் கீழ்முனையை, முன்சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் கியர் பெட்டியுடன் இணைக்கும் உருக்குத் தண்டு ஆகும். பெரிய டயர் மாட்டுவதற்காக பிக்அப் டிரக்குகளை உயர்த்திக்கொள்ளும் வழக்கம் அமெரிக்காவில் பரவலாக உள்ளது. அப்படி உயர்த்தும்போது கவனக்குறைவாக மாற்றப்படும் பாகங்களுள் இத்தண்டும் ஒன்று.

எல்லா வகை உயர்த்தலும் இதைப் பாதிப்பதில்லை. வில்களை மாற்றி உயர்த்தினால் தூணும் கியர் பெட்டியும் சேர்ந்தே மேலேறும். சிக்கல் கீழேயுள்ள இணைப்புக் கோல்களில்தான் வரும். அடிச்சட்டத்துக்கும் கேபினுக்கும் இடையே கட்டைகள் வைத்து 2 அல்லது 3 அங்குலம் உயர்த்தும்போது நிலைமை வேறு. தூண் கேபினுடன் மேலே போகிறது, கியர் பெட்டி அடிச்சட்டத்திலேயே நிற்கிறது. தண்டின் நீளம் போதாமல் போகிறது.

பற்றவைத்த தண்டின் குறைகள்

தண்டை நடுவில் அறுத்து ஒரு துண்டுக் குழாயை வைத்துப் பற்றவைப்பது மலிவான வழி. வண்டி ஓடவும் செய்யும் என்பதால் குறை வெளியே தெரிவதில்லை.

தொழிற்சாலைத் தண்டு பொதுவாக ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து சறுக்கும் இரு பகுதிகளால் ஆனது. ரப்பர் தாங்கிகளின் மேல் கேபின் அசையும்போது அது நீண்டு சுருங்குகிறது. நேருக்கு நேர் மோதலில் கியர் பெட்டி பின்னே தள்ளப்பட்டால் தண்டு உள்வாங்கி, தூண் ஓட்டுநரின் மார்பை நோக்கி வராமல் காக்கிறது. அமெரிக்கக் கூட்டரசின் 204ஆம் பாதுகாப்புத் தரம் இதற்கென்றே 1968இல் பயணிகள் கார்களுக்கு நடைமுறைக்கு வந்தது. பின்னர் இலகு டிரக்குகளுக்கும் விரிவாக்கப்பட்டது. மணிக்கு 48 கி.மீ. வேகத்தில் தடுப்பில் மோதும் சோதனையில் தூண் 127 மி.மீ.க்கு மேல் பின்னே வரக்கூடாது என்பது அதன் வரம்பு. பற்றவைத்து ஒரே துண்டாக்கிய தண்டு சுருங்காது.

வெப்பத்தால் வரும் கேடு தனி. தண்டினுள் உள்ள பிளாஸ்டிக் பகுதிகளும் மூட்டுகளின் கிரீசும் உருகிவிடும். பற்றுக்கு அருகிலுள்ள உருக்கு நொறுங்கும் தன்மை பெற்று, நாளடைவில் விரிசல் விடலாம். முறிந்தால் ஸ்டீயரிங் சக்கரம் சுழலும், முன்சக்கரங்கள் திரும்பா.

யுனிவர்சல் ஜாயிண்டுகளின் நிலை அடிக்கடி மறக்கப்படும் விடயம். 30 பாகை வளைந்த ஒரு மூட்டின் உட்பக்கத்தைச் சீராகத் திருப்பினாலும், வெளிப்பக்கத்தின் வேகம் 13 விழுக்காடு குறைவுக்கும் 15 விழுக்காடு மிகுதிக்கும் இடையே ஒரு சுற்றில் இரு முறை ஏறி இறங்கும். இடைத்தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே நேர்க்கோட்டில் அமைந்து, இரு மூட்டுகளின் கோணமும் சமமாக இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று நீக்கிவிடும். பற்றவைக்கும்போது ஒரு கவை 90 பாகை திரும்பிவிட்டால், நீங்குவதற்குப் பதிலாகப் பெருகி 25 விழுக்காடு குறைவு, 33 விழுக்காடு மிகுதி என்றாகும். ஸ்டீயரிங் ஓரிடத்தில் இறுகி மற்றோரிடத்தில் தளர்வதாக ஓட்டுநர் உணர்வது இதனால்தான்.

சீரமைக்கும் முறை

பழைய பற்றைத் தேய்த்து மீண்டும் பற்றவைப்பது சீரமைப்பு ஆகாது. தண்டையே மாற்ற வேண்டும். முன்சக்கரங்களை நேராக நிறுத்தி, கழற்றும் முன் ஸ்டீயரிங் சக்கரத்தைச் சுழலாதபடி கட்டிவிட வேண்டும். காற்றுப்பை உள்ள வண்டியில் அது தன்போக்கில் சுற்றினால், தூணின் உள்ளே இருக்கும் சுருள் கம்பிப்பட்டை அறுந்துவிடும்.

பிறகு தூண் முனைக்கும் கியர் பெட்டி முனைக்கும் உள்ள தொலைவை அளந்து, சறுக்கும் வகைத் தண்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். விட்டம் மட்டும் பார்த்து வாங்கக்கூடாது: முக்கால் அங்குல முனையிலேயே 30 பற்களும் உண்டு, 36 பற்களும் உண்டு. சறுக்குப் பகுதி முழுதும் நீண்ட நிலையில் இல்லாமல் இருபுறமும் அசைய இடம் இருக்க வேண்டும். மூட்டின் கோணம் மிகுந்தால் மூன்றாவது மூட்டு தேவைப்படும். அப்போது நடுவில் அடிச்சட்டத்தோடு பிணைத்த தாங்கு பேரிங் கட்டாயம், இல்லையேல் தண்டு நடுவில் துள்ளும். இறுக்கும் போல்ட், முனையில் வெட்டப்பட்டுள்ள பள்ளத்தின் வழியாகச் செல்ல வேண்டும். போல்ட் சற்றுத் தளர்ந்தாலும் மூட்டு கழன்று விழாமல் பிடித்திருப்பது அப்பள்ளமே.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாகத் திருப்பி, தண்டு புகைபோக்கிக் குழாயிலோ அடிச்சட்டத்திலோ உரசுகிறதா என்று பார்த்த பின்பே வண்டியைச் சாலைக்கு எடுக்கலாம். சிறிது தூரம் ஓட்டியதும் போல்ட்டுகளின் இறுக்கத்தை மறுபடி சோதிக்க வேண்டும்.