கோரேசும் சைரசும்

வரலாற்றுப் பாடத்தில் சைரஸ் என்னும் பாரசீகப் பேரரசனைப் படிக்கும் மாணவன், ஞாயிற்றுக்கிழமை வேதாகமத்தில் கோரேஸ் என்னும் அரசனைப் பற்றிக் கேட்கிறான். இருவரும் ஒருவரே என்பதை ஆசிரியர் எடுத்துரைக்காவிடில் அவன் அறிவதற்கு வழியில்லை.

பாரசீகர் இம்மன்னனைக் கூருஷ் என்றனர். எபிரேயர் கோரெஷ் என்றனர். கிரேக்கர் கூரோஸ் என்றனர். தமிழ் வேதாகமம் எபிரேய ஒலியைத் தழுவிக் கோரேஸ் என்றது. கிரேக்கமும் இலத்தீனும் ஆங்கிலமும் கடந்து வந்த வடிவமே சைரஸ். இவ்வாறே டேரியஸ் என்பான் தரியு ஆனான். எஸ்தர் கதையில் வரும் அகாஸ்வேரு, செர்க்சஸ் மன்னனே என்பது அறிஞர் பலரின் முடிபு.

கி.மு. 586 அளவில் பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேம் ஆலயத்தை அழித்து, யூதரைச் சிறைப்படுத்திச் சென்றான். கி.மு. 539-ல் கோரேஸ் பாபிலோனைக் கைப்பற்றினான். யூதர் தாயகம் திரும்பி ஆலயத்தை மீண்டும் எழுப்பலாம் என அவன் ஆணையிட்டதாக எஸ்றாவின் நூல் கூறுகிறது. கொள்ளைபோன பொன், வெள்ளிப் பாத்திரங்கள் 5,400-ஐயும் எண்ணித் திருப்பிக் கொடுத்தானாம். ஆலயப் பணி தரியுவின் காலத்தில், கி.மு. 515 அளவில் நிறைவெய்தியது.

ஏசாயாவின் நூல் இவனை 'அபிஷேகம் பெற்றவன்' என்று அழைக்கிறது. எபிரேயத்தில் இதற்குரிய சொல் மேசியா என்பதாம். சவுல், தாவீது முதலிய இஸ்ரவேல் அரசர்க்கு உரிய சிறப்பு அது. அதனை வேற்று நாட்டான், வேற்றுச் சமயத்தான் ஒருவன் பெற்றான். அவன் தம்மை அறியாதவன் என்றும் இறைவன் அங்கேயே உரைப்பது நோக்கத்தக்கது.

1879-ல் பாபிலோன் இடிபாடுகளில் கோரேசின் களிமண் உருளை ஒன்று கிடைத்தது. அது இன்று இலண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் அவன் தன் வெற்றியைப் பாபிலோனியரின் தெய்வமாகிய மர்தூக்கின் அருள் என்கிறான். தெய்வத் திருவுருவங்களை அவற்றிற்குரிய கோயில்களுக்கும், மக்களை அவர்தம் ஊர்களுக்கும் திருப்பி அனுப்பியதாகவும் கூறிக்கொள்கிறான். எருசலேமின் பெயரோ யூதரின் பெயரோ அதில் இல்லை. ஆகவே, உருளை வேதாகமத்தை முற்றும் மெய்ப்பித்துவிட்டது என்று மாணவரிடம் சொல்வது மிகையாகும். இரண்டிலும் காணும் ஆட்சிக் கொள்கை ஒத்திருக்கிறது என்பதே சரி. மேலும், சோழரின் மெய்க்கீர்த்தியைப் போன்று உருளையும் மன்னன் தன் புகழைத் தானே சொல்வித்தது. அந்த எச்சரிக்கையுடனேயே அதனைப் பயிலவேண்டும்.

இதனால் நம்பிக்கையுள்ளோர் கற்பது யாது? பிறர் வழிபாட்டிடத்தை மீட்டுத் தந்தவனை, அவன் எச்சமயத்தானாயினும், நன்றியுடன் ஏட்டில் எழுதி வைத்தனர் யூதர். நன்மை தம் கூட்டத்தாரிடமிருந்தே வரவேண்டும் என்று அவர்கள் வரம்பு கட்டவில்லை.

பினாங்கில் வாழும் நமக்கு இப்பாடம் புதிதன்று. 1801-ல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், 1818-ல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும், 1833-ல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலும் சிறிது தூர நடையில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒருவர் மணியோசையும் மற்றவர் பாங்கோசையும் ஒரே காற்றில் கலக்கும் ஊர் இது.

ஆசிரியப் பெருமக்கள் அடுத்தமுறை இப்பாடத்தைத் தொடும்போது, கரும்பலகையில் இரு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவார்களாக. வரலாறும் வேதமும் ஒரே மனிதனைப் பற்றிப் பேசுவதை மாணவன் உணர்ந்தால், இரண்டையும் ஆராய்ந்து படிக்கும் ஆர்வம் அவனுக்குத் தானே பிறக்கும்.