உடைந்து ஓடும் வினைச்சொல்!



'துட்டு இருக்கா?' என்று தினமும் கேட்கிறோம். 'துட்டு' எந்த நாட்டுச் சொல் தெரியுமா? டச்சுக்காரர்களின் 'டொய்ட்' என்ற சிறிய செப்புக்காசுதான் நம்ம வாயில் துட்டு ஆச்சு. அவர்கள் 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தார்கள். 1825-இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது.

நர்சிங் முடித்த என் சித்தி மகள் அக்கா, நெதர்லாந்தில் வேலைக்குப் போக டச்சு மொழி படிக்கிறாள். அதில் வினைச்சொல்லே இரண்டாக உடையும்!

'ஆன்ஸெட்டன்' என்றால் மோட்டாரைப் போடுவது. 'ஆய்ட்ஸெட்டன்' என்றால் அமத்துவது. வாக்கியத்தில் 'ஸெட்' முன்னால் நிற்கும். ஆன், ஆய்ட் இரண்டும் கடைசிக்கு ஓடிவிடும்.

இக் ஸெட் டெ பொம்ப் ஆன் – நான் பம்பைப் போடுறேன்.
இக் ஸெட் டெ பொம்ப் ஆய்ட் – நான் பம்பை அமத்துறேன்.

பாதியில் காதை மூடினால் வாழைக்குத் தண்ணி பாயுதா, நின்னுச்சான்னே தெரியாது! வாழைக்காவது பரவாயில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு மாட்டிய மெஷினைப் போடச் சொன்னாங்களா, அமத்தச் சொன்னாங்களா என்று நர்சுக்குத் தெரியாவிட்டால் என்ன ஆகும்? அதனால் கடைசிச் சொல் வரை கேட்கணும்.

பிரிந்தது மறுபடி சேருவதும் உண்டு. 'போடணும்' என்று சொல்ல 'மூட்' என்ற சொல் வரும்.

இக் மூட் டெ பொம்ப் ஆன்ஸெட்டன் – நான் பம்பைப் போடணும்.

நம்ம தமிழிலும் 'போட' என்ற வினையெச்சத்தோடு 'வேண்டும்' சேர்ந்துதான் 'போடணும்' ஆகிறது. 'போட மறந்துட்டேன்' என்று சொன்னால், ஆங்கில 'டு' மாதிரி ஒரு 'தெ' நடுவில் நுழையும்: ஆன் தெ ஸெட்டன்.

ஆங்கிலத்திலும் இப்படி உடையும். 'ஸ்விட்ச் ஆஃப் த லைட்', 'ஸ்விட்ச் த லைட் ஆஃப்' இரண்டும் சரி. ஆனால் 'இட்' வந்தால் நடுவில்தான் வரணும். 'ஸ்விட்ச் இட் ஆஃப்' சரி. 'ஸ்விட்ச் ஆஃப் இட்' தவறு, மார்க் போயிடும்!

தமிழில் 'நான் மோட்டாரை' என்பது வரை கேட்டால் போதுமா? போடுறேனா அமத்துறேனா என்பது கடைசியில்தானே வருது! கடைசி வரை காத்திருப்பது நமக்குப் பழகின வேலை. பிறகு எதற்குப் பயம்?

கடைசிச் சொல் வரை கேட்போம்! எந்த மொழியும் கற்போம்!

– 9-ஆம் வகுப்பு மாணவி