கடல் தந்த காய்ச்சல் மருந்து

பூஞ்சணம் என்றதும் ஊவா மக்களுக்கு நல்ல எண்ணம் தோன்ற நியாயமில்லை. மடுல்சீமைப் பகுதியிலே 1869ஆம் ஆண்டில் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் நிறத் தூள் காணப்பட்டது. அத்தூள் ஒரு பூஞ்சணத்தின் வித்திகளேயாகும். பின்வந்த இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பிப் பயிர் பெரும்பாலும் அழிந்து, அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. தேயிலைக்கும் விடுதலை கிட்டவில்லை. 1946இல் கொப்புள நோய் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. அதுவும் பூஞ்சணத்தின் வேலையே. மாரிகாலத்து மூடுபனியில் இளங்கொழுந்தின்மேல் கொப்புளம் கண்டால் தோட்டம் முழுவதும் கவலை பரவும்.

எனினும், பள்ளிப் பாடநூல்கள் பங்கசு என்று கூறும் இதே குலத்தில் நமக்கு உயிர்ப்பிச்சை அளித்தவையும் உள. அவற்றுள் ஒன்று கடல்நீரிற் கிடைத்தது. ஊவா மாகாணத்துக்கோ கடற்கரையே இல்லை. ஆயினும் அந்தக் கடற்பூஞ்சணத்தின் வழிவந்த மருந்தைப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குச் சென்று வந்த குடும்பங்களிற் பல உட்கொண்டிருக்கும். 'செபலெக்சின்' என்று வைத்தியர் எழுதித் தரும் குளிசையும், 'செப்ட்ரியாக்சோன்' என்னும் ஊசி மருந்தும் அதன் வழித்தோன்றல்களே.

அதன் கதை இத்தாலிக்கு உரிய சார்டீனியாத் தீவிலே தொடங்குகிறது. அங்கு காலியரி நகரத்துச் சர்வகலாசாலையில் சுகாதாரப் பேராசிரியராக இருந்தவர் யுசெப்பே புரொட்சு. நகரத்துச் சாக்கடை நேரே கடலில் விழுந்தது. நெருப்புக் காய்ச்சலும் அந்நகரில் இருந்தது. ஆனால் சாக்கடை கலந்த கடல்நீரோ சிறிது நேரத்தில் தானே தூய்மையடைவதை அவர் கவனித்தார். அங்கே நீந்தி விளையாடிய இளைஞர்களையும் அக்காய்ச்சல் அதிகம் பற்றவில்லை. ஏதோவொன்று கிருமிகளைக் கொல்கிறது என்று அவர் ஊகித்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகிச் செல்லவேண்டிய இடத்தில் நின்று சிந்தித்தாரே, அதுவே அவருடைய பெருமை என்போம்.

1945ஆம் ஆண்டு யூலை மாதத்தில், சாக்கடை கடலில் விழும் இடத்து நீரிலிருந்து செபலோஸ்போரியம் என்னும் பூஞ்சணத்தை அவர் பிரித்தெடுத்தார். அதை வளர்த்து வடித்த சாறு, நெருப்புக் காய்ச்சற் கிருமி உட்படப் பலவகைப் பற்றீரியாக்களை அடக்கியது. அச்சாற்றைக் கட்டிகளுக்குள் ஊசிமூலம் செலுத்தியும், காய்ச்சல் நோயாளிகளுக்குக் கொடுத்தும் பார்த்தார், குணம் தெரிந்தது. ஆனால் மருந்தைச் சுத்திகரிக்கப் போதிய பணமோ வசதியோ அவரிடம் இருக்கவில்லை. 1948இல் தம் ஆராய்ச்சியைச் சொந்தக் கலாபீடத்தின் சிறு வெளியீடொன்றில் அச்சிட்டார். பெரிய உலகம் அதைப் படிக்கவில்லை.

நல்லவேளையாக, அவரை அறிந்த ஆங்கில வைத்தியர் ஒருவர் மூலம் செய்தி ஒக்ஸ்போட்டுக்கு எட்டியது. பெனிசிலினை மருந்தாக்கிய குழுவின் தலைவர் ஹவார்ட் புளோரியிடம் பூஞ்சணம் சென்றது. அங்கே எட்வேட் ஏபிரகாம், கை நியூட்டன் என்னும் இருவர் அதை ஆராய்ந்து, 1953இல் 'செபலோஸ்போரின் சி' என்னும் பொருளைக் கண்டனர்.

இப்பொருளின் சிறப்பு யாது? பற்றீரியாவைச் சுற்றி உறுதியான சுவர் ஒன்றுண்டு. பெனிசிலினைப் போலவே இதுவும் அச்சுவர் கட்டப்படுவதைத் தடுக்கிறது. கிருமி வெடித்து மடிகிறது. நம் உடற்கலங்களுக்கு அத்தகைய சுவர் இல்லாமையால் அவற்றை இது தாக்குவதில்லை. அக்காலத்திலேயே சில கிருமிகள் பெனிசிலினைச் சிதைக்கும் நொதியத்தைச் சுரக்கப் பழகியிருந்தன. புதிய பொருளோ அந்நொதியத்துக்கு அசையவில்லை. ஆராய்ச்சியாளர் அதைச் சிறிது மாற்றி, வலிமைகூட்டி, 1964இல் முதன்முறையாக மருந்தாக விற்பனைக்குக் கொண்டுவந்தனர். கடல்நீரிலிருந்து ஆஸ்பத்திரிக் கட்டில் வரை பத்தொன்பது ஆண்டுப் பயணம்!

ஆனால் கிருமிகள் சும்மா இருப்பனவல்ல. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016ஆம் ஆண்டு தொடங்கிப் பரவிய நெருப்புக் காய்ச்சற் கிருமி செப்ட்ரியாக்சோனுக்கும் அடங்கவில்லை. எந்தக் காய்ச்சலை எண்ணிப் புரொட்சு தேடினாரோ, அந்தக் காய்ச்சலே மருந்தை வெல்லப் பழகிவிட்டது. மலையருவி நீரையும் பீலித் தண்ணீரையும் நம்பி வாழும் லயத்துக் குடும்பங்களுக்கு இது தூரதேசத்துச் செய்தியன்று. நெருப்புக் காய்ச்சல் அசுத்தமான நீராலும் உணவாலும் பரவுவது. காய்ச்சல் விட்டதும் மீதிக் குளிசைகளைத் தகரப் பேணியில் எடுத்துவைத்து, அடுத்த பிள்ளைக்கு இருமல் வந்தால் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. சிக்கனம் என்று தாய்மார் எண்ணுவர். அரைகுறை மருந்தில் தப்பிய கிருமிக்கோ அது பயிற்சிக்கூடம். வைத்தியர் சொன்ன நாள்வரை உட்கொள்வதும், தடிமனுக்கும் சளிக்கும் தாமாகவே இம்மருந்தைத் தேடாதிருப்பதும் நம் கையிலுள்ளவை.

புதிய மருந்துகளுக்காக ஆராய்ச்சியாளர் மீண்டும் கடலை நாடுகின்றனர். கடற்பஞ்சுகளின் உடலிலும், கண்டற்காட்டுச் சேற்றிலும், ஆழ்கடல் வண்டலிலும் பூஞ்சணங்கள் வாழ்கின்றன. உப்புநீரில் எண்ணற்ற பற்றீரியாக்களோடு இடத்துக்கும் இரைக்கும் போராடும் அவை, விந்தையான இரசாயனங்களை உண்டாக்குகின்றன. ஆய்வுக்கூடத்துத் தட்டில் கிருமியைக் கொல்லும் பொருள்கள் பல கிடைத்துள்ளன. நோயாளியின் உடலில் நஞ்சாகாது வேலைசெய்பவை மிகச் சிலவே.

புரொட்சு 1976இல் காலமானார். காலியரியின் பெரிய ஆஸ்பத்திரி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. செபலோஸ்போரின் செய்யும் தொழிற்சாலைகளின் பாரிய தொட்டிகளிலே வளரும் பூஞ்சணமோ, அன்று அந்தச் சாக்கடை முகத்தில் அவர் எடுத்த வித்தின் சந்ததியேயாகும்.