நூறு நாள் வேலையும் செல்போனும்



பள்ளிக்கூடத்துக்குள் செல்போன் கொண்டு வரக்கூடாது என்பது நமக்கு உள்ள விதி. செல்போன் இருந்தால்தான் வேலைக்கு வந்ததாகவே கணக்கு என்று இன்னொரு விதி வந்தது, தெரியுமா? நூறு நாள் வேலையில்தான். எங்க அம்மாச்சி அந்த வேலைக்குப் போனவர்.

முன்பு பணித்தளப் பொறுப்பாளர் அக்கா நோட்டில் எழுதித்தான் வருகை போடுவார். வராதவர் பெயரிலும் கூலி எடுக்கிறார்கள் என்று பல ஊர்களில் புகார் வந்தது. அதனால் மத்திய அரசு 2021-ல் என்.எம்.எம்.எஸ். என்ற செயலியைக் கொண்டு வந்தது. 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பணிகள் தவிர மற்ற எல்லா வேலையிடங்களிலும் அது கட்டாயம் ஆனது. காலையில் ஒரு படம், 4 மணி நேரம் கழித்து இன்னொரு படம். எந்த இடம், எத்தனை மணி என்பதும் படத்தோடு பதிவாகும்.

இடத்தைக் கண்டுபிடிக்க வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் போதும், டவர் வேண்டாம். படத்தை அனுப்பத்தான் டவர் வேண்டும். மேல்மலையோ கீழ்மலையோ, நடுவில் ஒரு மலை நின்றால் டவரின் அலை பள்ளத்துக்கு இறங்காது. அதனால் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போய் ஏற்றலாம் என்று வழி வைத்திருந்தார்கள். எங்க ஊரில் அக்கா கரட்டு மேல ஏறி நின்னு போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே இருப்பாங்க. பார்க்கச் சிரிப்பா இருக்கும்.

2024-ல் ஒரு நாள் சிரிப்பு வரவில்லை. வாய்க்கால் தூர் வாருகிற வேலை. சாயங்காலம் வரை படம் ஏறவே இல்லை. அன்றைக்கு வேலை செய்த யாருக்கும் கூலி வரவில்லை. அந்த வருஷம் தமிழ்நாட்டுக்கு அரசு வைத்த கூலி நாளுக்கு 319 ரூபாய். "நான் மம்பட்டி பிடிச்சதை ஊரே பாத்துச்சு, போனு பாக்கலையாக்கும்" என்று அம்மாச்சி திட்டிக்கொண்டே இருந்தார்.

இப்படிப்பட்ட சமயத்தில் மாவட்ட ஆட்சியர் அனுமதித்தால் கையால் எழுதிய வருகையையே ஏற்கலாம் என்று அதே விதியில் இருந்தது. எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. தெரிய வந்தபோது நாள் ரொம்பக் கடந்துவிட்டது.

போன் வந்தும் ஏமாற்று நிற்கவில்லை என்பதுதான் வேடிக்கை. படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை அனுப்பியது.

2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் புதுச் சட்டம் நிறைவேறியது. அதில் 125 நாள் வேலை. செல்போன் கண்காணிப்பும் உண்டு. பேப்பரில் படித்து அம்மாச்சியிடம் சொன்னேன்.

"நல்லது தாயி. டவரு எப்ப வருதாம்?" என்றார்.